பழுது பார்த்தல்

உடைந்த பொருளைச் செம்மை செய்வதற்கு நம் மக்கள் வழங்கும் சொல் 'பழுது பார்த்தல்' என்பது. பழுதை அகற்ற வேண்டும், பழுதை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. 'வண்டியைப் பழுது பார்க்க வேண்டும்' என்றே சொல்கிறார்கள். இங்கே 'பார்த்தல்' என்பது கண்ணால் காண்பதன்று. வேலை பார்த்தல், வைத்தியம் பார்த்தல் என்பவற்றில் உள்ளது போலக் கவனித்துச் செய்வதையே குறிக்கிறது என்று இலக்கணம் அறிந்தோர் கூறுவர். அவர்கள் கூறுவது சரியே. ஆயினும், காணாமல் கவனிப்பது எங்ஙனம்? நோயைக் காணாத வைத்தியர் எந்த மருந்தைத் தருவார்?

பழுதை நீக்குவதைவிடப் பழுதைக் காண்பதே மனிதனுக்குக் கடினமாக இருக்கிறது. நீக்குவதற்குக் கருவிகள் உண்டு. கூலி கொடுத்தால் ஆட்களும் உண்டு. காண்பதற்கோ மனம் இசைய வேண்டும். அது இசையாத இடத்தில், மறைப்பதே செம்மை செய்வது போல் வேடமிட்டு வந்து நிற்கிறது. சுவரின் வெடிப்பின்மேல் சுண்ணாம்பு பூசுகிறோம். குடும்பத்தில் நேர்ந்த தவறின்மேல் மௌனத்தைப் பூசுகிறோம். பூசிய பிறகு பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. பழைய பொருள் ஒன்றைப் புதுப்பிக்க முற்படுபவன் எதற்குக் கடமைப்பட்டவன்? அதன் தோற்றத்திற்கா? அதனோடு பிணைந்த நினைவுகளுக்கா? அல்லது அதை நம்பி நாளை அதில் அமரப்போகும் உயிருக்கா?

இக்கேள்வியை வெறும் சொல்லளவில் ஆராய்வதைவிட, ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆராய்வது நல்லது. பழைய அலுமினிய மீன்பிடி படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்திய வாசகருக்கு அது அதிகம் பழக்கமில்லாத பொருள். நமது கரைகளில் மரமும், பின்னர் கண்ணாடி இழையுமே பெருவழக்கு. ஆயினும் அலுமினியத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. இரும்பு துருப்பிடித்தால் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். மரம் உளுத்தால் தட்டும்போது ஓசை மாறிவிடும். அலுமினியம் தன் கேட்டை அவ்வாறு அறிவிப்பதில்லை. மனித மனத்திற்கு உவமையாக நிறுத்துவதற்கு இவற்றுள் அதுவே பொருத்தமானது.

போர்விமானத்திலிருந்து ஏரிக்கு

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களிலும், அவற்றை ஒட்டிய கனடாப் பகுதிகளிலும் ஏரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அங்கே ஏரிக்கரை வீடுகளின் பின்புறம் கவிழ்த்து வைக்கப்பட்ட அலுமினியப் படகு மிகச் சாதாரணமான காட்சி.

இந்த உலோகம் ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. 1884-ஆம் ஆண்டு வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பொருத்துவதற்கு ஒரு சிறு அலுமினியப் பிரமிடைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அன்று அதற்கிருந்த மதிப்பை ஊகிக்கலாம். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும், ஒருவரையொருவர் அறியாமலேயே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார்கள். அதன்பின் விலை சரிந்தது. உச்சியில் இருந்த உலோகம் சமையலறைக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அது விமானமாகப் பறந்தது. மெல்லிய தகடுகளை வளைத்து, ரிவெட் ஆணிகளால் இணைக்கும் கலையில் விமானத் தொழிற்சாலைகளின் கைகள் தேர்ச்சி பெற்றன. அவ்வாறு போர்விமானங்களைக் கட்டிவந்த நிறுவனங்களுள் ஒன்று கிரம்மன். அதன் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன் 1944-இல் அடிரான்டாக் மலைப்பகுதிக்குச் சென்றபோது, கனத்த மரத்தோணியைத் தோளில் சுமந்து நடக்க நேர்ந்தது. விமானத்தின் உலோகத்தால் தோணி செய்தால் என்ன என்ற எண்ணம் அங்குதான் பிறந்தது. 1945 முதல் அந்நிறுவனம் அலுமினியத் தோணிகளைத் தயாரித்தது. மின்னசோட்டாவின் ஒரு சிற்றூரில் ஹோவர்ட் லண்ட் என்பவர் 1948-இல் தமக்கென்று ஓர் அலுமினியப் படகைக் கட்டிக்கொண்டார். அது ஒரு பெரிய படகு நிறுவனத்தின் தொடக்கமாயிற்று. அழிவுக்குப் பயின்ற கைகள் ஏரியில் ஓய்வெடுப்பதற்குப் பயன்பட்டன. இந்தப் படகுகளின் பிறப்பே ஒரு வகையில் மறுவாழ்வுதான்.

மீன் பிடிப்பதே அறமாகுமா என்று கேட்கும் வாசகர் இருப்பர். அக்கேள்வி நியாயமானது, தனியே ஆராயத் தக்கது. இங்கு எடுத்துக்கொண்டது படகைப் பற்றிய கேள்வி மட்டுமே.

உருக்கிவிடலாமே என்ற வாதம்

'பழைய படகை எதற்காகப் புதுப்பிக்க வேண்டும்? உருக்கிவிடலாமே' என்று ஒருவர் கேட்கலாம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தாதுவிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதமே பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தத் தேவைப்படுகிறது. உலோகம் வீணாவதில்லை. படகு அழிந்து பாத்திரமாகவோ, சன்னல் சட்டமாகவோ மீண்டும் பிறக்கும்.

ஆனால் மறுபிறவி வேறு, சிகிச்சை வேறு. உடலை நைந்த ஆடைக்கு ஒப்பிட்டு, அதைக் களைந்து ஆன்மா வேறோர் உடலை ஏற்பதைக் கீதை சொல்கிறது. அதைப் படித்தவர் எவரும் ஆடையில் சிறு கிழிசல் கண்டதும் அதை எறிந்துவிடுவதில்லை, தைத்து உடுத்துகிறார். தைக்க முடிந்ததை எறிவது துறவன்று. நைந்துபோனதை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது அன்புமன்று. எது தைக்கத் தக்கது, எது நைந்துபோனது என்று அறிய வேண்டுமானால் ஆடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தத்துவ உலகில் புகழ்பெற்ற கப்பல் ஒன்று உண்டு. ஏதென்ஸ் மக்கள் தங்கள் வீரன் தீசியசின் கப்பலைப் பல காலம் பாதுகாத்து வந்தார்கள். உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதிய பலகைகளை வைத்துவந்தார்கள். அது அதே கப்பல்தானா, வேறு கப்பலா என்று தத்துவ ஆசிரியர்கள் வாதிட்டார்கள் என்று எழுதுகிறார் புளூடார்க். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரை முன்னிறுத்திக் கேட்ட கேள்வியும் இதற்கு உறவானதே. அக்கப்பல் வெறும் காட்சிப்பொருளாக நின்றுவிடவில்லை என்பதைப் பலர் நினைவில் கொள்வதில்லை. தீசியசின் கப்பல் என்று ஏதென்ஸ் மக்கள் சொல்லிவந்த கப்பல் ஆண்டுதோறும் டீலோஸ் தீவுக்குப் புனிதப் பயணம் சென்று வந்தது. அது திரும்பும்வரை நகரில் எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றக்கூடாது என்ற மரபினாலேயே சாக்ரடீசின் இறுதி நாள் தள்ளிப்போயிற்று என்று பிளேட்டோவின் 'பீடோ' கூறுகிறது. அதே கப்பலா, வேறா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, பெயர் தெரியாத தச்சர்கள் சிலர் குனிந்து ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, உளுத்ததைக் கண்டு எடுத்திருக்க வேண்டும். அக்கப்பல் கடலில் சென்றது அவர்களால். அவர்கள் கேட்ட கேள்வி 'இது தாங்குமா?' என்பது.

இரண்டு நாள் வேலை

ஒருவருக்கு அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற படகு கிடைக்கிறது என்று கொள்வோம். 1980-களில் கட்டப்பட்ட, 16 அடி நீளமுள்ள அலுமினியப் படகு. தந்தையின் மறைவுக்குப் பின் பத்தாண்டுகள் அது ஊசியிலை மரங்களின் அடியில் கிடந்தது. இப்போது தம்முடைய பத்து வயது மகளை அதில் ஏற்றிச் செல்ல அவர் விரும்புகிறார். சிறுவயதில் தந்தையுடன் அதே படகில் அமர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றும் வீட்டில் இருக்கிறது.

அவருக்கு முதலில் தோன்றுவது வண்ணம் பூசுவது. தேய்த்துக் கழுவி, அடிப்பூச்சு கொடுத்து, புகைப்படத்தில் உள்ள அதே பச்சை நிறத்தைப் பூசிவிட்டால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். பார்ப்போர் பாராட்டுவர். அவருடைய தாயாரின் கண்களில் நீர்கூட வரலாம். இதில் பொய் ஏதுமில்லை என்றே தோன்றும். அன்பினால் செய்யும் வேலை அல்லவா?

ஆனால் அத்தொழில் அறிந்தவர்கள் வண்ணத்தைக் கடைசியில் வைக்கிறார்கள். அவர்கள் முதலில் செய்வது பார்வைக்கு விசித்திரமான ஒரு வேலை. படகை வண்டியின்மேல் நன்கு தாங்கலாக வைத்து, அதன் உள்ளே சில அங்குல உயரத்திற்கு நீர் ஊற்றுகிறார்கள். பிறகு வெளியே வந்து, படகின் அடியில் படுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நீர் கசியும் ஒவ்வோர் இடத்திலும் மெழுகுக்கோலால் வட்டமிடுகிறார்கள். நீரை உள்ளே விடும் ஓட்டை, உள்ளே இருக்கும் நீரை வெளியே விட்டுத்தானே ஆக வேண்டும்? ஏரியில் மிதக்கும்போது காண முடியாத பழுது, இவ்வாறு தலைகீழாக மாற்றியமைத்ததும் சொட்டுச் சொட்டாகத் தன்னை அறிவிக்கிறது. அவசரப்படுபவர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். சில கசிவுகள் வெளிப்பட ஒரு மணி நேரம்கூட ஆகும். சிறிதளவு நீரே போதும். விளிம்புவரை நிரப்பினால் சோதனையே படகைச் சிதைத்துவிடும், ஏனெனில் உள்ளிருந்து அழுத்தும் அவ்வளவு பாரத்தைத் தாங்குவதற்காக அது கட்டப்படவில்லை. தன்னைத் தானே சோதித்துக்கொள்பவர்களும் நினைவில் வைக்கத் தக்க அளவு இது.

வடுவும் விரிசலும்

நாற்பதாண்டு உழைத்த படகின் உடலில் பள்ளங்கள் நிறைந்திருக்கும். பாறையில் மோதியது, கரையில் இழுத்தது, யாரோ ஒருவர் நங்கூரத்தைக் கைதவறிப் போட்டது. பழக்கமில்லாதவர் கண்ணில் முதலில் படுவது இவையே. இவற்றையெல்லாம் சுத்தியலால் தட்டிச் சமன் செய்ய ஆசை எழும். ஆனால் உலோகம் வளைந்த இடத்தில் இறுகிப்போகிறது. மீண்டும் மீண்டும் வளைத்தால் அங்கேயே வெடிக்கும். வெறும் பள்ளம் பெரும்பாலும் ஒரு தீங்கும் செய்வதில்லை. அது வடு. விட்டுவிடலாம்.

விரிசல் அப்படியன்று. மயிரிழை போன்று இருக்கும். வண்ணத்தின் கீழே கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வோர் அலையின் அதிர்விலும் அது சிறிது சிறிதாக நீளும். காரணம், படகின் உடலில் ஏற்படும் விசை முழுவதும் விரிசலின் கூர்மையான நுனியில் வந்து குவிகிறது. அதை நிறுத்துவதற்கு விமானத் தொழிலாளர்கள் கையாளும் வழி வியப்பானது. விரிசல் முடியும் நுனியில் வேண்டுமென்றே ஒரு சிறு வட்டத் துளை இடுகிறார்கள். கூர்முனை மறைந்து வட்டமாகிறது, விசை பரவிவிடுகிறது, விரிசல் மேலும் ஓடுவது தடைப்படுகிறது. அதன்பின் அதன்மேல் தகடு வைத்து இணைக்கிறார்கள். விரிசலின்மேல் பசையைப் பூசி மறைத்தவனின் படகு பார்வைக்குத் துளையின்றி இருக்கும். விரிசல் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

வடுவை விரிசல் என்று எண்ணி வருந்துவோரும், விரிசலை வடு என்று எண்ணி உறங்குவோரும் உலகில் ஏராளம். எப்போதோ நேர்ந்த அவமானம், தோற்ற தேர்வு, இளமையின் ஏதோ ஒரு மடமை இவற்றையெல்லாம் தட்டித் தட்டிச் சமன் செய்ய முயன்று, அந்த இடத்தையே உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதே மனிதர், நாள்தோறும் சிறிது நீளும் ஒரு பொய்யை, 'இது சின்ன விஷயம்' என்று விட்டுவைப்பார்.

பழுது பார்ப்பதே முடிவில்லாத தொழிலாகிவிடுவதும் உண்டு. எத்தனையோ கொட்டகைகளில் படகுகள் எலும்புக்கூடாகப் பிரிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. உரிமையாளர் இன்னும் ஒரு குறையைக் கண்டுகொண்டே இருக்கிறார். படகு நீரைக் கண்டபாடில்லை. தம் குறைகளை எண்ணிக்கொண்டே இருப்பதைத் தவம் என்று கருதும் சாதகர்களும் இவரைப் போன்றவர்களே. அவர்களுக்கு நேர்மையில் குறையில்லை. படகு எதற்காக என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

தளர்ந்த ரிவெட்டுகளை இறுக்குவதைப் பற்றி ஒரு சொல். அந்த வேலையைத் தனியாகச் செய்வது அரிது. ஒருவர் வெளியிலிருந்து ஆணியின் தலையில் அடிக்க, மற்றொருவர் உள்ளே கனத்த இரும்புக் கட்டியை ஆணியின் மறுமுனையோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இருவருக்கும் இடையே தகடு. ஒருவர் முகத்தை மற்றவர் காண முடியாது. அடிப்பவரின் ஓசைதான் ஊருக்குக் கேட்கும். உள்ளே அசையாமல் பிடித்திருப்பவர் இல்லையேல் அந்த அடி தகட்டைத்தான் நெளிக்கும். நம் கதையில் உள்ளே பிடிப்பவர் அந்தப் பத்து வயது மகளாக இருக்கலாம்.

காற்றுப் படாத ஈரம்

இனிச் சொல்லவிருப்பதே முக்கியமானது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது காற்றுப் பட்ட கணத்திலேயே ஆக்சிஜனுடன் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அவ்வாறு உண்டாகும் படலம் இரும்பின் துருவைப் போல உதிர்வதில்லை. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்கே கனமுள்ள அப்படலம் உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு கவசமாகி நிற்கிறது. கீறல் விழுந்தால், காற்று உள்ளவரை, கவசம் தானாகவே மீண்டும் உண்டாகிறது. திறந்து வைத்த இடத்தில் அலுமினியம் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

அது கெடுவது மூடி வைத்த இடத்தில். ஈரமான விரிப்பின் அடியில், ஊறிய பலகையோடு ஒட்டிய இடத்தில், இலைச்சருகும் சேறும் தேங்கிய மூலையில் ஈரம் மட்டும் இருக்கிறது, காற்று புகுவதில்லை. கவசம் உடைந்தால் மீண்டும் உண்டாக வழியில்லை. அங்கே உலோகம் சிறுசிறு குழிகளாக உள்நோக்கி அரிக்கப்படுகிறது. மேலே நடப்பவனின் காலுக்கு மென்மையான விரிப்பு. அதன் அடியில் ஊசிமுனைத் துளைகள்.

நம் கதாநாயகர் விரிப்பைக் கிழித்து, தளத்துப் பலகைகளைப் பெயர்க்கிறார். அங்கே அவர் எதிர்பாராத ஒன்றைக் காண்கிறார். அவருடைய தந்தையார் கடைசிக் காலத்தில் தளத்தைத் தாமே மாற்றியிருக்கிறார். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று, பூஞ்சையும் பூச்சியும் அண்டாதபடி பதப்படுத்திய மரத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். அவ்வாறு பதப்படுத்துவதற்குத் தாமிரச் சேர்மங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஈரத்தின் முன்னிலையில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் தாமிரம் பிழைத்துக்கொள்ளும், அலுமினியம் அரிக்கப்படும். பலகை தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. சொரசொரப்பான அப்பொடியைச் சுரண்டினால் விரல்நுனி உள்ளே போகிறது. மரம் இன்னும் உறுதியாகவே இருக்கிறது.

தந்தை செய்தது சோம்பலால் அன்று, கஞ்சத்தனத்தால் அன்று. அதிக விலை கொடுத்து, முழங்காலிட்டுக் குனிந்து, அன்போடு செய்த வேலை அது. மரத்துக்கு நல்லது உலோகத்துக்கும் நல்லது என்று எண்ணிவிட்டார். மரக்கப்பல்களின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் காக்கும் தாமிர வண்ணத்தையே அலுமினியப் படகில் பூசிக் கெடுத்தவர்களும் உண்டு. ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சாவதை அறியாத நன்னோக்கம், தீய நோக்கம் செய்யத் துணியாத அளவுக்குக் கேடு செய்துவிடுகிறது.

இவ்விடத்தில் மகன் எதிர்கொள்ளும் நெருக்கடி உலோகத்தைப் பற்றியதன்று. தந்தையின் கைவேலையை அப்படியே விட்டுவிட்டால் தந்தையை மதித்ததாகத் தோன்றும். பெயர்த்து எறிந்தால் அவர் தவறு செய்தார் என்று ஊரறியச் சொன்னதாகும். முன்னோர் விட்டுச்சென்ற வீடு, தொழில், வழக்கம், நம்பிக்கை எதைக் கையில் எடுத்தாலும் இந்த நெருக்கடி ஒருநாள் வந்தே தீரும். ஒரு சாரார் எதையும் தொடக்கூடாது என்கிறார்கள். மற்றொரு சாரார் தந்தையரின் அறியாமையை எண்ணி நகைக்கிறார்கள். இரு சாராருமே குனிந்து பார்ப்பதில்லை.

பழுதைப் பார்ப்பது வேறு, பழிப்பது வேறு. அந்தச் சட்டங்களில் எது தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்க்கும் மகன் தந்தையைப் பழிக்கவில்லை. தந்தை அந்தத் தளத்தை அமைத்தது எதற்காக? மகனும் பேத்தியும் காலூன்றி நிற்க வேண்டும் என்பதற்காக. அந்நோக்கத்தை நிறைவேற்ற இன்று அத்தளத்தை அகற்ற வேண்டியிருக்கிறது. தந்தையின் கையெழுத்தைக் காப்பதற்காகத் தந்தையின் விருப்பத்தைக் கைவிடுவது எந்த வகை மரியாதை?

தளத்தின் அடியில்

பலகைகளுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. படகு கவிழ்ந்தாலும் நீர் நிரம்பினாலும் முழுகிவிடாமல் தாங்குவதற்காக நுரைப்பொருளை உள்ளே அடைத்திருக்கிறார்கள். அலுமினியம் நீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. நுரை இல்லையேல் நீர் நிரம்பிய படகு அடியில் போய்ச் சேரும். அமெரிக்காவில் 1971-இல் படகுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1970-களின் இறுதி முதல், 20 அடிக்குக் குறைந்த, வெளிப்புற இயந்திரம் பொருத்தும் படகுகளைப் புதிதாகக் கட்டுவோர், நீர் நிரம்பினாலும் அவை சமநிலையில் மிதக்கும்படி அமைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. கவிழ்ந்தவர்கள் குளிர்ந்த நீரில் கைகால் விறைத்துப்போவதற்கு முன் பற்றிக்கொள்வதற்கு ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

பல்லாண்டுகளில் நீர் தேங்கியும், குளிரில் உறைந்தும் உருகியும் அந்நுரை ஊறிப்போகிறது. ஒரு கன அடி உலர்ந்த நுரையின் எடை சுமார் 1 கிலோ. அதே கன அடி முழுவதும் நீரேறினால் ஏறத்தாழ 28 கிலோ. பத்துக் கன அடி ஊறினால், தூக்கி நிறுத்த வேண்டியதே 280 கிலோ பாரமாகி உட்கார்ந்திருக்கிறது. மகன் அதை வெட்டி வெட்டி வெளியே எடுக்கிறார். எடுத்த பின் படகு எடை குறைந்து சுறுசுறுப்பாகிவிடுகிறது. முன்னைவிட நன்றாகவே ஓடும்.

சோதனை இப்போதுதான் வருகிறது. புதிய நுரைக்குப் பணம் வேண்டும். உரிய வடிவில் வெட்டி அடுக்க நாட்கள் வேண்டும். போடாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? மேலே புதிய தளம் வந்துவிடும். தளத்தின் மேல் வண்ணம் வந்துவிடும். விதி படகு கட்டும் நிறுவனத்தைக் கேட்கிறது. தன் கொட்டகையில் தன் படகைப் பிரித்துப் போட்டிருக்கும் தனிமனிதரின் தளத்தைப் பெயர்த்துப் பார்க்க எவரும் வருவதில்லை. மகளுக்கும் தெரியாது. நாளை அவர் அப்படகை விற்றால், வாங்குபவருக்கும் தெரியாது.

பலனைக் கருதாமல் பணியாற்ற வேண்டும் என்று பெரியோர் கூறுவதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். அதன் பொருள் பலருக்கும் மங்கலாகவே இருக்கிறது. பலனைக் கருதாவிட்டால் வேலையில் அக்கறை எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நுரையை அடுக்கும் மனிதரைப் பார்த்தால் விடை ஓரளவு விளங்கும். அவர் செய்யும் வேலைக்குப் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் ஒருநாளும் வரக்கூடாது என்று அவரே வேண்டிக்கொள்கிறார். படகு கவிழாதவரை அவருடைய வேலை பயன்பட்டது என்று யாரும் அறியப் போவதில்லை. புகழில்லை, பயன் கண்ட மகிழ்ச்சிகூட இல்லை. ஆயினும் அக்கறை சிறிதும் குறையாமல், துண்டு துண்டாக அளந்து வெட்டி, இருளில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

படகின் பின்பலகையிலும் இதே கேள்விதான். இயந்திரத்தின் முழுப் பாரமும் உந்துவிசையும் அதன்மேல் விழுகின்றன. உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை, திருகாணித் துளைகளின் வழியே இறங்கிய நீரால் நடுவிலிருந்து உளுத்துவரும். வெளித்தகடு மட்டும் பளபளப்பாக நிற்கும். சிறிதாக ஒரு துளையிட்டு, வரும் தூளைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வெளிறிய உலர்ந்த தூளா, கறுத்த ஈரத் தூளா என்பதைத்தான் காண வேண்டும். அந்தச் சிறு துளையை இடத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை, ஏனெனில் கறுத்த தூள் வந்துவிட்டால் அதன்பின் தெரியாததுபோல் இருக்க முடியாது.

இளவேனிலில்

வேலை முடிய இரண்டு நாளுக்குப் பதிலாக ஒரு குளிர்காலம் முழுவதும் ஆகிறது. அரிக்கப்பட்ட சட்டங்கள் மாறியிருக்கின்றன. தளத்தில் தாமிரம் ஏற்றாத பலகை; அதற்கும் உலோகத்திற்கும் இடையே தடுப்பு. தேங்கும் நீர் ஓடிப்போக வடிகால் விட்டிருக்கிறார். பின்புறம் தளத்தில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒரு வட்ட மூடி வைத்திருக்கிறார். அதைத் திருகித் திறந்தால் அடியில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், காற்றும் புகும். பக்கங்களில் உள்ள பள்ளங்கள் பள்ளங்களாகவே இருக்கின்றன. வண்ணம் பூசியாயிற்று. பச்சைதான், ஆனால் புகைப்படத்தில் உள்ள பச்சைக்கும் இதற்கும் சிறிது வேறுபாடு உண்டு. கடையில் அந்த நிறம் இப்போது கிடைக்கவில்லை.

ஏரியின் பனி உருகிய பின் படகை நீரில் இறக்குகிறார்கள். மகள் ஏறுவதற்கு முன் அவர் மட்டும் உள்ளே சென்று, கரையோரத்திலேயே அரை மணி நேரம் அமர்ந்திருக்கிறார். பிறகு மண்டியிட்டு, மூடியைத் திருகித் திறந்து, கையை உள்ளே விட்டு அடித்தகட்டைத் தடவிப் பார்க்கிறார். விரல்களை வெளியே எடுத்து வெயிலில் பிடிக்கிறார். ஒரு ரிவெட்டின் அருகே மட்டும் இலேசான ஈரம். பையிலிருந்து மெழுகுக்கோலை எடுத்து அவ்விடத்தில் ஒரு வட்டமிட்டுவிட்டு, மகளைக் கூப்பிட்டு அதைக் காட்டுகிறார்.